ஒஸ்லோ மாநகர்ப் பாலைத்திணையும் நாற்சக்கர இயக்க ஊர்தியின் டயர் அளவும்

தமிழாய்வுலகம் கை வைக்காத துறைகள் மிகச் சில. சேற்றிலும் பாறையிலும் போட்டி போட்டு ஓட்டும் நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கு எந்த அளவு டயர் பூட்டுவது என்பது அவற்றுள் ஒன்று. ஒரு பொருளை இதுவரை யாரும் ஆராயவில்லை என்பதே அதை ஆராயப் போதுமான காரணம் என்று பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்டு நெடுநாளாகிறது. யாரும் ஏன் ஆராயவில்லை என்று கேட்கும் வழக்கம் மட்டும் இன்னும் வரவில்லை. அந்தத் துணிவில் எழுந்தது இக்கட்டுரை. களம் நார்வே நாட்டு ஒஸ்லோ. துணிபு இது: ஒஸ்லோவில் டயரின் அளவை நிலம் தீர்மானிப்பதில்லை, வண்டியை விட அனுமதி இல்லாத நிலமே தீர்மானிக்கிறது, ஆதலால் இப்பொருள் முழுவதும் பாலைத்திணையின்பாற்படும். என்மனார் புலவர். எந்தப் புலவர் என்று கேட்பது மரபன்று.

முதலில் மூலபாடம். டயரின் பக்கவாட்டில் ரப்பரிலேயே புடைத்து நிற்கும் நூற்பா ஒன்றைக் கொள்வோம்: 225/65 ஆர் 17 102 கியூ. பதவுரை வருமாறு: 225 என்பது அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கவாட்டின் உயரம், அந்த அகலத்தில் நூற்றுக்கு இத்தனை என்று. ஆர் என்பது ரேடியல். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 102 என்பது ஒரு டயர் தாங்கும் பளு, 850 கிலோ. கியூ என்பது மணிக்கு 160 கிலோமீட்டர் என்னும் வேக எல்லை. பொழிப்பு: டயரின் முழு விட்டம் 724 மில்லிமீட்டர் என்பதாம். மில்லிமீட்டர், விழுக்காடு, அங்குலம் என மூன்று அளவைகளை ஒரே அடியில் வைத்த இச்சுருக்கம் எந்த இலக்கண ஆசிரியனுக்கும் பொறாமை தருவது. முன்னிரண்டு எண்ணோடும் 17 ஒட்டாமல் நிற்பதால் அது பிற்காலத்தார் இடைச்செருகல் என்று சொல்லவும் ஆள் கிடைக்கும். கொள்ளற்க. இடைச்செருகலென்று ரிம்மைக் கழற்றிய பின் வண்டி ஓடியதாகச் சான்றில்லை. போட்டி வண்டிக்காரர்கள் வழங்கும் பாடம் வேறு: 35×12.50 ஆர் 15. இதில் முதலில் நிற்பது முழு விட்டம், அடுத்தது அகலம், மூன்றும் அங்குலமே. இரு பாடத்தையும் குழப்பி டயர் கேட்பவரைக் கடைக்காரர் ஒரு கணம் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு உரை எழுதத் தேவையில்லை.

இனி நிலம். குறிஞ்சி, ஹோல்மென்கொல்லன், தார் போட்டிருக்கிறது. மருதம், பிக்டோய் அரசப் பண்ணை. அங்குள்ள டிராக்டர் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. நெய்தல், ஆக்கர் பிரிக்கே துறைமுகம். டயரில் உப்புப் படியும், ஆனால் அது கடல் தந்ததன்று, குளிர்காலத்தில் சாலையில் கொட்டியது. முல்லைதான் வழக்குக்கு உரியது. ஊருக்கு வடக்கே நூர்மார்க்கா என்று காடும் ஏரியுமாகப் பரந்து கிடக்கிறது ஒரு பெரும் முல்லை. 35 அங்குல டயரைக் கனவு காண்பவர் எவரும் அதைத்தான் கனவு காண்பார். ஆனால் 1977 ஜூன் 10 நாளிட்ட சட்டம் நார்வே முழுவதும் திறந்தவெளி இயற்கை நிலத்தில் மோட்டார் வண்டி ஓட்டுவதைப் பொதுவாகத் தடுத்துவிட்டது. வேண்டியவர்க்கு விதிவிலக்கு, மற்றவர்க்குத் தடை. அது போதாதென்று ஒஸ்லோவைச் சூழ்ந்த காடுகளுக்கென்றே தனிச்சட்டம் ஒன்று 2009இல் வந்தது. இதைக் கண்டு நார்வேக்காரரின் புதுமை என்று வியப்பவர் அகநானூறு படிக்காதவர். அதன் நாலாம் பாட்டில், சோலையில் துணையோடு இருக்கும் வண்டுகள் வெருளக்கூடாதென்று தேர்மணியின் நாவைக் கட்டி ஓட்டிவருகிறான் தலைவன். இயற்கைவெளியில் ஊர்தி இயக்கம் பற்றிய முதல் ஒழுங்குவிதி இதுவே. 2024இல் நார்வேயில் விற்ற புதிய கார்களில் 88.9 விழுக்காடு ஒலியற்ற மின்சாரக் கார்கள் என்பதும் மணிநாவைக் கட்டிய அதே மரபின் தொடர்ச்சி என்று கொள்ள இடமுண்டு. கொள்ளாமல் விடவும் இடமுண்டு. பாரி வள்ளலின் நிலைதான் சிக்கல். முல்லைக்கொடி படரத் தேரைக் காட்டிலேயே விட்டுவிட்டு நடந்து போனவர் அவர். ஒஸ்லோக் காட்டில் அதைச் செய்திருந்தால் உள்ளே ஓட்டியது ஒரு குற்றம், விட்டுப்போனது இன்னொரு குற்றம்; கொடை என்ற வாதம் எடுபடுமா என்பதை வழக்கறிஞர்கள்தாம் சொல்ல வேண்டும்.

இங்கேதான் பாலை பிறக்கிறது. பாலைக்கென்று தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டால் வருவதே பாலை என்பது சிலப்பதிகாரம் காட்டும் கருத்து. ஒஸ்லோவில் வெயிலுக்கு அவ்வளவு ஆற்றல் இல்லாததால் அந்த வேலையைச் சட்டம் செய்திருக்கிறது. முல்லைக்குள் விடமாட்டார்கள், குறிஞ்சிக்குத் தார் போட்டுவிட்டார்கள். எஞ்சியது வணிக வளாகத்தின் வாகனத் தரிப்பிடம். குரூருட் பள்ளத்தாக்கில் ஸ்டோவ்னர் பக்கம் ஒரு சனிக்கிழமை மாலை போய் நின்றால் இத்திணையின் கருப்பொருள் அத்தனையும் கண்ணில் படும். பனி தள்ளும் வண்டி ஓரத்தில் ஒதுக்கிவிட்டுப் போன பனிவரப்பு, வழுக்காமலிருக்கத் தூவிய பொடிக்கல், அரிசி மூட்டையோடு வரும் குடும்பம். இருக்கும் ஒரே காலி இடத்தின் பாதியை அந்த வரப்பு அடைத்திருக்கிறது. பகலில் இளகி இரவில் இறுகிய பனி அது. மேலே மண்நிறம், உள்ளே பளிங்கு. அதன்மேல் ஒரு பக்கச் சக்கரங்களை ஏற்றி வண்டியைச் சாய்வாக நிறுத்துவதே ஒஸ்லோ மாநகரில் நான்கு சக்கர இயக்கத்துக்குக் கிடைக்கும் முழுமையான போட்டிக்களம். நடுவர் உண்டு: பக்கத்து இருக்கையில் இருப்பவர்.

இக்களத்துக்கு ஏற்ற டயரை இக்களத்தார் பூட்டுகிறார்களா என்பதே கேள்வி. இயந்திர நூல் சொல்வது எளிது. கரடுமுரடான நிலத்தில் டயரின் காற்றை இறக்கி ஓட்டுவார்கள். காற்று குறைந்தால் டயர் நிலத்தில் படியும் பரப்பு கூடும், அகலத்தில் கொஞ்சமும் நீளத்தில் அதிகமும். அப்படிப் படிய வேண்டுமானால் ரிம்முக்கும் நிலத்துக்கும் நடுவே ரப்பர் தாராளமாக இருக்க வேண்டும். ஆகவே போட்டிக்காரர் சிறிய ரிம்மில் பெரிய டயர் பூட்டுகிறார். மேலே காட்டிய 35×12.50 ஆர் 15இல் பக்கவாட்டு மட்டும் பத்து அங்குலம், அதாவது 254 மில்லிமீட்டர். பெரிதாக்கினால் எல்லாம் தீரும் என்பதும் பொய். விட்டத்தை 33இலிருந்து 35 ஆக்கினாலும் வண்டியின் அடிவயிறு உயர்வது ஒரே அங்குலந்தான், விட்டத்தின் பாதியே அச்சுக்குக் கீழே இருப்பதால். நகரத்தார் வழியோ நேர் எதிர். நார்வேயில் மிகுதியாக விற்கும் டெஸ்லா மாடல் ஒய் வண்டியில் 255/45 ஆர் 19 டயரின் பக்கவாட்டு 115 மில்லிமீட்டர்; காசு கூடக் கொடுத்து 21 அங்குல ரிம் வாங்கினால், முன்சக்கரத்து 255/35இல் அது 89 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். ரிம் பெருக்கப் பெருக்க நிலத்தைத் தொடும் தகுதி குறைகிறது, விலை ஏறுகிறது. ஒஸ்லோ வீதியோரக் கற்கள் கருங்கல். அந்த ரிம்களின் விளிம்பைக் குனிந்து பார்த்தால் விரல்நீளத்துக்குப் பிறைவடிவில் வெள்ளிக் கீறல் ஒன்றாவது இருக்கும். பாறையேற்றப் போட்டியின் எஞ்சிய தடயம் அது. நிலத்துக்கு ஏற்ற அளவைத் தேடியவர் எவரும் இங்கே வந்து சேர்ந்திருக்க முடியாது. நிலத்தைப் பிரிந்தவர்தாம் நிலத்தை நினைவூட்டும் ஏதோ ஒன்றை வண்டியில் மாட்டுவார், அது உதவுமா என்று பாராமல். இதற்கு மேற்கோள் வேண்டுவோர் எழுதப்படாத ‘சக்கரவியல்’ மூன்றாம் அதிகாரத்தின் காணாமற்போன ஏழாம் நூற்பாவைக் காண்க.

பாலைக்கு உரிப்பொருள் பிரிதல். இப்பிரிவை வெறும் உருவகமென்று தள்ள முடியாதபடி ஒஸ்லோவில் அதற்குக் கட்டடமே இருக்கிறது. பெயர் டயர் ஹோட்டல். அடுக்குமாடிக் குடியிருப்பின் சிறு களஞ்சிய அறையில் நான்கு டயரை வைத்தால் சைக்கிளை வைக்க முடியாது. ஆகவே கோடை டயர்கள் குளிர்காலம் முழுவதும், குளிர்கால டயர்கள் கோடை முழுவதும், பெயர்ச்சீட்டு ஒட்டி வேறொருவர் கூரையின்கீழ்க் கட்டணம் கட்டித் தங்குகின்றன. வண்டி தலைவன், இதில் ஐயமில்லை, பொருள் தேட நாள்தோறும் போகிறது. தலைவி யார் என்பதில்தான் உரையாசிரியர்கள் இருபிரிவாகிறார்கள். ஒரு சாரார், காட்சியறையிலிருந்து வண்டியோடு கூட வந்த கோடை டயர்களே தலைவி, பின்னர் வாங்கியவை பரத்தை என்பர். மற்றொரு சாரார், குளிர்காலத்தில்தான் பட்டன் ஆழம் 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டுமென்று சட்டம் வற்புறுத்துகிறது, கோடையில் 1.6 இருந்தால் விட்டுவிடுகிறது. அரசே கண்காணிக்கும் உறவுதான் கற்பு என்பர். பரத்தை வந்துவிட்டால் திணை மருதமாகிவிடாதோ எனின், ஆகாது. ஊடுவதற்கு இருவரும் ஒரே கூரையின்கீழ் ஒருபோதும் இருப்பதில்லை. ஆண்டு முழுவதும் ஒரே டயரில் ஓட்டுவோர் சிலரும் உளர். எல்லாப் பருவத்துக்குமான டயர் என்று அதற்குப் பெயர்; ஒருதார மணம் என்ற வகையில் பாராட்டலாம், ஆனால் ஜனவரியில் மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு எடுக்கும்போது இரு சாராரும் அவரைப் பார்த்துச் சிரிப்பர்.

தோழி பாத்திரம் டயர் மாற்றும் பட்டறைக்கு உரியது. அக்டோபரில் கைப்பேசிக்கு ஒரு செய்தி வரும்: காலம் நெருங்கிவிட்டது, வந்து நாள் குறியுங்கள். இது வரைவு கடாதல். தலைவன் அசட்டையாக இருப்பான். முதல் பனி விழுந்த காலையில் ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் பட்டறையை அழைக்கும்; இரண்டு வாரத்துக்கு இடமில்லை என்று பதில் வரும். இது வாயில் மறுத்தல். மறுத்தல் மருதத்துக்கு உரியதாயிற்றே, பாலையில் எப்படி வந்தது என்று கேட்பார்க்கு விடை, திணைமயக்கம். விடை தெரியாத எல்லா இடத்திலும் திணைமயக்கம் என்று எழுதி முனைவர் பட்டமே வாங்கியிருக்கிறார்கள், ஒரு டயர் மாற்றக் கூடாதா? இக்கருத்துக்கு அரண், பிறக்காத காரணத்தால் பெயர் தெரியவராத ஓர் உரையாசிரியர், அச்சேறாத, ஓலையேறாத, நினைக்கவும் படாத தம் விருத்தியுரையில், கறையான் அரித்த ஏட்டின் அரிக்கப்பட்ட பகுதியில் கூறியது. அக்கறையான் அரித்தது இரண்டாம் பதிப்பையா மூன்றாம் பதிப்பையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டாம் பதிப்பே என்பதற்கு, மூன்றாம் பதிப்பு வரவில்லை என்பதைச் சான்றாகக் காட்டுவர். முதற்பதிப்பும் வரவில்லையே என்பார்க்கு அவர்கள் இன்னும் விடை எழுதவில்லை, எழுதினால் அடுத்த மாநாட்டு மலரில் வரும்.

பிரிவு முடிந்து மீளும்போது எந்தச் சக்கரம் எங்கே இருந்தது என்று தெரிய வேண்டும். அதற்காகக் கழற்றியவுடன் டயரின்மேல் மஞ்சள் மெழுகுக்கோலால் எழுதிவைக்கிறார்கள். ‘வே எஃப்’ என்றிருந்தால் இடது முன், ‘ஹோ பே’ என்றிருந்தால் வலது பின். அவசரத்தில் இழுத்த எழுத்து, பாதி அழிந்திருக்கும், பழைய ஆண்டுகளின் எழுத்து அதன் கீழே மங்கலாகத் தெரியும். கல்வெட்டாய்வாளர்க்கு இதைவிட இன்பம் வேறில்லை. அதற்குப் பக்கத்திலேயே சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 4118 என்றால், 2018ஆம் ஆண்டின் 41ஆம் வாரத்தில் செய்த டயர். ஆண்டுமன்று, மாதமுமன்று, வாரம். தொல்காப்பியத்தைக் கி.மு. ஐயாயிரத்தில் வைப்பாரும் கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் வைப்பாரும் ஒரே மேடையில் ஒருவர்க்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொள்ளும் துறையிலிருந்து வருபவர்க்கு இத்தகைய துல்லியம் சற்று அநாகரிகமாகத்தான் படும். காலம் இப்படி அச்சாகிவிட்டால் கருத்தரங்கம் எதற்கு?

இனித் தடைவிடை. நார்வேயில் உண்மையாகவே போட்டிக்கு ஓட்டுகிறார்களே, ஃபார்முலா ஆஃப்ரோட் என்ற ஒன்று இல்லையா எனின், உண்டு. ஐஸ்லாந்தில் பிறந்த ஆட்டம் அது. மணலும் சரளையுமான செங்குத்துச் சரிவில், துடுப்புப்போல் தகடு தகடாக வார்த்த டயர்களோடு, மண்ணை வானத்துக்கு வாரியிறைத்துக்கொண்டு வண்டி ஏறும். சில வண்டி உச்சியைத் தொடும், சில புரளும். டயர் தேர்வு அங்கே உயிர்நாடி என்பதை மறுப்பார் இல்லை. ஆனால் அது நடப்பது காட்டிலன்று, மணல் அள்ளிய குழிகளில். அந்த வண்டிகள் அங்கே போவதும் தம் டயரில் உருண்டன்று, இழுவண்டியின் மேலேறி. மணலுக்கென்றே செய்த டயர் மணலைச் சேரும்வரை நிலத்தைத் தொடாமல் பயணம் செய்கிறது என்பது எம் துணிபுக்கு அரணேயன்றி முரணன்று. ஆர்க்டிக் டிரக்ஸ் நிறுவனத்தார் 44 அங்குல டயர் பூட்டி அண்டார்டிகாவில் ஓட்டினரே எனின், ஓட்டினர். ஆழப்பனியில் அகல டயரின் காற்றை மூன்று நான்கு பிஎஸ்ஐ வரை இறக்கினால் வண்டி பனிக்குள் புதையாமல் மேலே மிதந்து போகும், மெய்தான். அங்கே நிலமும் டயரும் பொருந்துகின்றன, பிரிவில்லை. ஆகவே அது பாலையன்று. இங்கு ஒன்று இடைமறித்துச் சொல்ல வேண்டும். தென்துருவத்தை முதலில் அடைந்த நார்வேக்காரர் அமுண்ட்சென் 1911 டிசம்பர் 14இல் அங்கே நின்றது பனிச்சறுக்குக் கட்டையிலும் நாய்வண்டியிலும். அவர் வண்டியின் டயர் அளவு சுழியம். போட்டியாளர் ஸ்காட் மோட்டார் வண்டிகளும் கொண்டுபோயிருந்தார்.

ஒஸ்லோவிலும் பனி பெய்கிறதே, அகல டயர் அங்கும் மிதக்காதா எனின், அங்ஙனமன்று. மிதக்க ஆழம் வேண்டும். ஒஸ்லோச் சாலையில் பனி தங்குமுன் தள்ளிவிடுகிறார்கள். எஞ்சுவது இரண்டு விரல்கடை சேறுபனி, அடியில் தார் அல்லது வழுக்குப் பனிக்கட்டி. அந்த நீர்க்கூழைக் கிழித்து அடித்தளத்தைத் தொட ஒடுங்கிய டயரே உதவும். அகலமானது அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். நெருங்கி நின்று பார்த்தால், ஒஸ்லோவின் மெய்யான நிலம் கேட்பது குறுகிய டயரும் உயர்ந்த பக்கவாட்டும் சிறிய ரிம்மும். இம்மூன்றும் சேர்ந்த சக்கரம் மிகவும் மலிவானது. எனவே யாரும் வாங்குவதில்லை.

ஆணி டயர் பற்றி ஒரு சொல். ஆணிகள் தாரைச் சுரண்டித் தூளாக்குவதால் காற்று கெடுகிறது. அதனால் ஒஸ்லோவில் ஆணி டயருக்குக் கட்டணம் உண்டு. 1999இல் கொண்டுவந்து, 2001இல் நிறுத்தி, 2004இல் மறுபடி கொண்டுவந்தார்கள். பல ஆண்டுகளாக வழங்கிய விலை சிறு வண்டிக்கு ஒரு பருவத்துக்கு 1400 குரோனர், ஒரு நாளுக்கு 35. ஆணி டயரைக் கழற்ற வேண்டிய நாளைத் தீர்மானிப்பதோ நிலவு. ஈஸ்டர் திங்களை அடுத்து வரும் திங்களிலிருந்து ஆணி கூடாது. ஈஸ்டரோ முழுநிலவைப் பின்பற்றி நகர்வது. அதனால் 2024இல் ஏப்ரல் 7 வரை ஓடிய ஆணி, 2025இல் ஏப்ரல் 27 வரை ஓடியது. பனிக்கு இந்தக் கணக்குத் தெரியுமா என்று கேட்பார் உளர். முழுநிலவு பார்த்துத் தைப்பூசம் கொண்டாடுவோர் அவருள் இருக்க மாட்டார்.

கடைசித் தடை, அப்படியானால் சரியான அளவு எதுதான் என்பது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவுத் தூணில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். வண்டியைச் செய்தவர்கள் அதில் டயரின் அளவையும், முன்னுக்கு எவ்வளவு காற்று, பின்னுக்கு எவ்வளவு என்பதையும் அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் அதில் ஆசிரியர் பெயர் இல்லை, பாடபேதம் இல்லை, மேற்கோள் இல்லை, ஓர் உரையும் எழுந்ததில்லை. அத்தகைய நூலை ஆதாரமாகக் கொள்வது ஆய்வு நெறிக்கு ஒவ்வாது என்பதால் இக்கட்டுரை அதைப் பயன்படுத்தவில்லை.